முகப்பூச்சு காயக் கூடாது: வெயில் காலத்துக்கான ஆயுர்வேதச் சருமப் பராமரிப்பு

முகம் நிறைய முல்தானி மிட்டியை அப்பிக்கொண்டு, மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்து, அது பாளம் பாளமாக வெடித்துக் கன்னத்தை இழுக்கும்வரை காத்திருப்பது. வெயில் காலத்து ஆயுர்வேதம் என்றாலே பலருக்கு இதுதான். இழுத்தால் வேலை செய்கிறது என்று ஒரு நம்பிக்கை. நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். கழுவியதும் முகம் பளிச்சென்று இருக்கும். சாயங்காலம் பார்த்தால் மூக்கோரம் தோல் உரிந்து நிற்கும்.

பழைய நூல் சொல்வது இதற்கு நேர் எதிர். வாக்பட்டரின் அஷ்டாங்க ஹிருதயத்தில், சூத்திர ஸ்தானத்தின் 22ஆம் அத்தியாயம், முகத்தில் பூசும் லேபத்துக்கு விதி வகுக்கிறது. ஈரம் இருக்கும்வரைதான் அது முகத்தில் இருக்கலாம். காய்ந்தால் தோலின் நிறத்தைக் கெடுக்கும். எடுக்கும்போது நனைத்து எடுக்க வேண்டும், எடுத்த பின் எண்ணெய் தடவ வேண்டும். லேபம் முகத்தில் இருக்கும்போது பேசக் கூடாது, பகலில் தூங்கக் கூடாது, நெருப்பருகிலும் வெயிலிலும் போகக் கூடாது, கோபப்படவும் கூடாதாம். கடைசி விதியை மட்டும் நான் இன்னும் முழுசாகக் கடைப்பிடிக்கவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் காயக் கூடாது என்ற இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. ஏனென்றால் வெயில் காலத்தில் தோலுக்கு நடப்பதே காய்தல்தான்.

சூடு மட்டும் இல்லை, வறட்சியும்

வெயில் என்றால் பித்தம், பித்தம் என்றால் குளிர்ச்சி செய்ய வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். நூல்களின் கணக்கு கொஞ்சம் வேறு. ஆண்டை 6 ருதுக்களாகப் பிரித்து, கிரீஷ்மம் எனும் கோடையில் உடம்பில் சேர்வது வாதம் என்கிறார்கள். பித்தம் மழைக்காலத்தில் சேர்ந்து, அதற்கடுத்த சரத் ருதுவில்தான் சீறும். கோடையின் முதல் குணம் வறட்சி. சூரியன் உடம்பின் ஈரத்தையும் பலத்தையும் உறிஞ்சிக்கொள்ளும் காலத்தின் கடைசிக் கட்டம் அது. அதனால்தான் அந்தப் பருவத்துக்கான உணவைப் பற்றிச் சொல்லும்போதுகூட இனிப்பு, குளிர்ச்சி, நீர்த்தன்மை ஆகியவற்றோடு நெய்ப்பையும், அதாவது எண்ணெய்ப் பசையையும், சேர்த்துச் சொல்கிறார்கள்.

இதைத் தோலுக்குப் பொருத்திப் பாருங்கள். மேலே வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஒரு நாளைக்கு நாலு தடவை சோப்புப் போடுவோம், தேய்ப்போம், மண் பூசுவோம். அடியில் தோல் ஏற்கெனவே காய்ந்து கிடக்கும். நாம் போய் மேலும் காயவைப்போம். ஆகவே இந்தப் பருவத்தில் பார்க்க வேண்டியது இரண்டு: குளிர்விக்க வேண்டும், ஆனால் உலர்த்தக் கூடாது.

தோலில் இருக்கும் பித்தத்துக்குப் பிராஜக பித்தம் என்று தனிப் பெயர் உண்டு. தோலுக்கு ஒளி தருவதும், மேலே பூசும் எண்ணெயையும் லேபத்தையும் செரிப்பதும் அதன் வேலை என்பது ஆயுர்வேதத்தின் விளக்கம். வயிறு செரிக்காத அளவுக்குச் சாப்பிடுவதில்லை அல்லவா, தோலுக்கும் அதே கணக்கை வைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் ஏழெட்டுப் பொருளைப் பூசாதீர்கள்.

என்ன வாங்குவது, எதை விடுவது

சரக சம்ஹிதை என்ற இன்னொரு பழைய ஆயுர்வேத நூல் மருந்துப் பொருள்களைப் பத்துப் பத்தாக 50 தொகுதிகளாகப் பிரிக்கிறது. அதில் ஒன்று எரிச்சலைத் தணிக்கும் தொகுதி, இன்னொன்று தோல் நிறத்தைப் பேணும் தொகுதி. சந்தனம், வெட்டிவேர், அதிமதுரம், நன்னாரி ஆகிய நான்கும் இரண்டிலும் வருகின்றன. முதன்முறை வாங்கும் பட்டியலுக்கு இந்த நான்கு போதும். எல்லாமே நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பவை.

சந்தனத்தைப் பொடியாக வாங்காதீர்கள். ஒருமுறை நான் வாங்கிய பொட்டலத்தைத் திறந்ததும் ஊதுவத்தி மணம் அறை முழுக்க அடித்தது. தண்ணீரில் குழைத்தபோது மரத்தூள் மேலே மிதந்தது. நல்ல சந்தனம் அப்படி மணத்தை வாரி இறைக்காது. ஒரு சின்னக் கட்டையும் ஒரு கல்லும் வாங்கிவிட்டால் பல வருடம் வரும். கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டையைச் சற்றே சாய்த்துப் பிடித்து வட்டமாக இழைக்க வேண்டும். முதல் ஒரு நிமிடம் ஒன்றும் வராது, வெறும் நீர்தான் கலங்கும். அப்புறம் கல்லின் மேல் வழுவழுப்பாக ஒரு பாலாடை போலப் படியும். அரை டீஸ்பூன் சேர 5 நிமிடம் பிடிக்கும்.

சோற்றுக்கற்றாழையைத் தொட்டியிலிருந்து வெட்டி நேராக முகத்தில் தேய்க்கிறவர்கள் உண்டு. வெட்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு பால் வடியும். அது தோலை அரிக்கும். மடலைச் செங்குத்தாக நிறுத்திக் கால் மணி நேரம் வடியவிட்டு, தோலைச் சீவி, உள்ளே இருக்கும் கூழை நன்றாக அலசிய பிறகே பயன்படுத்துங்கள்.

இப்போது விட வேண்டியவை. முதலாவது எலுமிச்சை. எலுமிச்சைச் சாற்றைத் தேனில் குழைத்துப் பூசிவிட்டு, சரியாகக் கழுவாமல் வெயிலில் ஒரு வேலையாகப் போனேன். இரண்டு நாள் கழித்துத் தாடையோரம் பழுப்பாக ஒரு தடம் விழுந்தது. சாறு வழிந்த வடிவத்திலேயே! மறைய மாதக்கணக்கில் ஆனது. எலுமிச்சையில், குறிப்பாக அதன் தோலில், வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கிக் கறுக்க வைக்கும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. இரவில் பூசுகிறேன் என்றாலும் தேவையில்லாத வம்புதான்.

இரண்டாவது பலருக்குத் தெரியாதது: கார்போக அரிசி. பெயரில்தான் அரிசி, உண்மையில் ஒரு மூலிகை விதை; நலங்கு மாவுக்கான பட்டியல்களில் வழக்கமாக இடம்பெறும் பொருள். இதில் சோராலென் என்ற பொருள் உண்டு; தோலை வெயிலுக்குக் கூடுதலாக எதிர்வினை செய்ய வைப்பதுதான் அதன் குணம். வெண்புள்ளிக்கு இதைப் பயன்படுத்துவதே அந்தக் குணத்துக்காகத்தான். அது மருத்துவர் பார்த்துச் செய்யும் வேலை. வெயிலில் அலைகிற மாதங்களில் குளியல் பொடியில் அதற்கு இடமில்லை. கடையில் அரைத்த நலங்கு மாவு வாங்கினால் இது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கஸ்தூரி மஞ்சளும் கவனிக்க வேண்டியதே. உண்மையான கிழங்கு உள்ளே வெளிறி இருக்கும், கற்பூரம் போல மணக்கும், தோலில் மஞ்சள் கறை பிடிக்காது. பளீர் மஞ்சளாக இருந்தால் அது வேறு எதுவோ.

குளியல் பொடி

இதில் பெரிய வித்தை இல்லை. பச்சைப்பயறு கால் கிலோ, வெட்டிவேர் 50 கிராம், காய்ந்த ரோஜா இதழ் 50 கிராம், ஆவாரம்பூ 50 கிராம், பூலாங்கிழங்கு 25 கிராம். எல்லாவற்றையும் நிழலில் மொறுமொறுவென்று உலர்த்தி அரைக்க வேண்டும். வெட்டிவேரை மட்டும் கத்தரிக்கோலால் நகக்கண் அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். முழுசாகப் போட்டால் மிக்சியின் கத்தியில் நூல் நூலாகச் சுற்றிக்கொண்டு மோட்டார் முனகத் தொடங்கும். அரைத்ததை மெல்லிய பருத்தித் துணியில் சலிப்பது முக்கியம். சித்த மருத்துவத்தில் இதற்கு வஸ்திரகாயம் என்று பெயர். சல்லடையில் சலித்த பொடி கையில் மென்மையாகத் தெரியும், வெயில் பட்ட கன்னத்தில் உரசும்போதுதான் அதன் சொரசொரப்பு புரியும்.

குழைக்கும் விதம்: தோல் எண்ணெய்ப் பசையாக இருந்தால் தண்ணீரோ பன்னீரோ, வறண்டிருந்தால் பால். பூசி, ஈரக்கையால் வழித்துக் கழுவ வேண்டும். தேய்க்கக் கூடாது. தினமும் வேண்டியதில்லை, வாரத்துக்கு மூன்று நாள் போதும்.

குளிக்கும் தண்ணீருக்கும் ஒரு குறிப்பு இருக்கிறது. கழுத்துக்குக் கீழே வெந்நீர் ஊற்றினால் பலம். தலையில் ஊற்றினால் கண்ணுக்கும் முடிக்கும் கேடு என்கிறார் வாக்பட்டர். கோடையில் கீழேயும் வெந்நீர் வேண்டாம். வாளித் தண்ணீரில் ஒரு பிடி வெட்டிவேரை முந்தின இரவே போட்டு வைத்தால் காலையில் மணத்தோடு இருக்கும். அதே வேரை அலசிக் காயவைத்து மூன்று நாலு தடவை பயன்படுத்தலாம்.

லேபம்: 10 நிமிட வேலை

முன்னே சொன்ன அதே அத்தியாயத்தில் 6 ருதுவுக்கும் தனித்தனியாக முகலேபம் கொடுக்கப்பட்டிருக்கிறது. கிரீஷ்மத்துக்கு உரியது: ஆம்பல், நீலோற்பலம், செங்கழுநீர், அறுகம்புல், அதிமதுரம், சந்தனம். மூன்று நீர்ப்பூக்கள், ஒரு புல், ஒரு வேர், ஒரு மரம். பருவத்தைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்பது பட்டியலைப் படித்தாலே தெரியும்.

நீர்ப்பூக்கள் மூன்றும் எல்லோருக்கும் கிடைக்காது. நான் செய்வது மீதி மூன்றை வைத்து. இது நூலில் உள்ள முழு லேபம் அல்ல, வீட்டுக்கு ஏற்ற சுருக்கம்.

ஒரு கைப்பிடி இளம் அறுகம்புல்லை நாலு தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். நாய் நடமாடாத, பூச்சி மருந்து படாத இடத்துப் புல்லாக இருக்கட்டும். இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு அரைத்துத் துணியில் பிழிந்துகொள்ளுங்கள். இழைத்த சந்தனம் அரை டீஸ்பூன், துணியில் சலித்த அதிமதுரப் பொடி ஒரு டீஸ்பூன், இவற்றை அந்தச் சாற்றில் குழைத்தால் தோசை மாவுப் பதத்துக்கு வரும். கிண்ணத்தைக் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். வாதமும் கபமும் மிகுந்தவர்களுக்குத்தான் லேபத்தை வெதுவெதுப்பாகப் போட வேண்டும், மற்றவர்களுக்கு நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதும் வாக்பட்டர் சொன்னதுதான்.

முதல் தடவை என்றால் முகத்துக்குப் போகாதீர்கள். முழங்கையின் உட்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தடவி, கழுவி, ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். மூலிகை என்பதால் ஒவ்வாமை வராது என்று எந்த விதியும் இல்லை.

பூசும் கனம் பற்றியும் அளவு இருக்கிறது: கால் விரற்கடை, மூன்றில் ஒரு விரற்கடை, அரை விரற்கடை என மூன்று. கால் விரற்கடை என்பதே கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர். நாம் பூசுவதோ அப்பளக் கனம்கூட இருக்காது. கனமாகப் பூசினால் ஈரம் நிற்கும். மெல்லியதாகப் பூசினால் மூன்றே நிமிடத்தில் காயும். காயக் கூடாது என்ற விதியும் இந்த அளவும் கைகோத்துப் போவதைக் கவனியுங்கள். முகம் கழுவி, ஈரம் ஒற்றி, மின்விசிறியை அணைத்துவிட்டுப் பூசுங்கள். கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் வேண்டாம்.

எப்போது எடுப்பது? கடிகாரத்தைவிடக் கண்ணாடி மேல். மூக்கின் ஓரமும் தாடை விளிம்பும்தான் முதலில் நிறம் வெளுக்கும். அது தெரிந்தவுடன் எழுந்துவிடுங்கள். பெரும்பாலும் 8 முதல் 12 நிமிடம். உள்ளங்கையில் தண்ணீர் அள்ளி முகத்தில் ஒற்றி, பூச்சு மறுபடி குழைந்ததும் வழித்து எடுங்கள். துடைத்த ஈரத்தோடு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயோ கொஞ்சம் கற்றாழைக் கூழோ தடவினால் முடிந்தது. பரு வரும் முகமென்றால் எண்ணெயை விட்டுவிட்டுக் கூழோடு நிறுத்துங்கள். வாரம் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். சளி பிடித்திருக்கும்போதும், அஜீரணமாக இருக்கும்போதும், இரவு கண்விழித்த மறுநாளும் முகலேபம் கூடாது என்று ஒரு தடைப் பட்டியலும் உண்டு.

எண்ணெய்

நல்லெண்ணெய் உஷ்ண குணம் உள்ளது, தேங்காய் எண்ணெய் குளிர்ச்சி. கடும் வெயிலில் உடம்புக்குத் தேங்காய் எண்ணெய்க்கு மாறுங்கள். ஆயத்தமாக வாங்குவதென்றால் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிய ஏலாதி கேர தைலம், நால்பாமராதி போன்றவை நல்ல தேர்வு. நால்பாமரம் என்பது ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகிய நான்கின் பட்டை. நேரம் இல்லாத நாளில் தலை, காது, உள்ளங்கால் மூன்றுக்கு மட்டுமாவது தேய்க்கலாம். எண்ணெய் தேய்க்கச் சொல்லும் இடத்தில் வாக்பட்டர் தனியாகக் குறிப்பிடுபவை இவைதாம். குளிப்பதற்கு அரை மணி முன் தேய்த்து, கழுவிவிட்டு வெளியே போங்கள். எண்ணெயோடு வெயிலில் நிற்பது வேண்டாத வேலை.

வியர்க்குரு உள்ள இடத்தில் எண்ணெய் கூடவே கூடாது. வியர்வைக் குழாய் அடைபடுவதால்தான் வியர்க்குரு வருகிறது; அதன்மேல் எண்ணெயோ, அடை அடையாகப் பவுடரோ போட்டால் இன்னும் அடைக்கும். பன்னீரில் இழைத்த சந்தனத்தை மெல்லியதாகத் தடவி, கழுவி, தளர்வான பருத்தி உடையில் காற்றோட்டமாக இருப்பதே வைத்தியம். சீழ் கோத்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

நூறு முறை கழுவிய நெய்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சத தௌத கிருதம் என்று பெயர். 100 தடவை தண்ணீரில் கழுவிய நெய். கேட்டால் பைத்தியக்காரத்தனம் போலத் தோன்றும், செய்து பார்த்தால் நம்ப முடியாது.

பசு நெய் 50 கிராம், அகலமான செம்புத் தட்டு ஒன்று, ஒரு குடம் குளிர்ந்த குடிநீர். தட்டைப் புளி போட்டு விளக்கி, புளி வாடையே இல்லாமல் அலசுங்கள். நெய்யைத் தட்டில் இட்டு, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, உள்ளங்கையால் ஒரே திசையில் வட்டமாகத் தேயுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் தேய்த்ததும் தண்ணீரைச் சாய்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். இது ஒன்று. எண்ணிக்கை தவறாமல் இருக்க நான் 100 புளியங்கொட்டையை ஒரு கிண்ணத்தில் வைத்து, ஒவ்வொரு தடவைக்கும் ஒன்றை மறு கிண்ணத்துக்கு மாற்றுவேன்.

முதல் பத்துத் தடவை கை முழுக்க நெய் வழுக்கும், மணல் மணலாக உறுத்தும். போகப் போக மஞ்சள் வெளுக்கும், மணல் கரையும். பாதி தாண்டும்போது வெண்ணெய் போலத் தட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும். 100 முடியும்போது தூய வெள்ளையில் ஒரு பசை இருக்கும்; நெய் வாசனை ஏறத்தாழப் போயிருக்கும்; விரலில் தொட்டால் ஐஸ் கிரீம் மாதிரிக் குளிரும். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். இரண்டு பேர் மாற்றி மாற்றிச் செய்தால் கை வலிக்காது.

தங்கியிருக்கும் நீரை வடித்துக் கண்ணாடிக் குப்பியில் ஃபிரிட்ஜில் வையுங்கள். உள்ளே தண்ணீர் கலந்திருப்பதால் வெளியே வைத்தால் கெடும். கொஞ்சமாகச் செய்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். எடுப்பது ஈரமில்லாத ஸ்பூனால். வெடித்த உதடு, குதிகால், முழங்கை, வெயிலில் காய்ந்து எரியும் புறங்கை, இவற்றுக்கு இதைவிட இதமான ஒன்றை நான் பார்த்ததில்லை. பரு வரும் முகத்தில் போடாதீர்கள். அடுப்பில் சுட்டுக்கொண்ட புதுக் காயத்துக்கும் இது வேண்டாம்; அதற்கு 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீர்தான் முதலுதவி.

வெளியே போகும்போது

சந்தனமோ தேங்காய் எண்ணெயோ கற்றாழையோ புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று நம்பி வெயிலில் இறங்காதீர்கள். இவை குளிர்விக்கும், ஈரம் காக்கும், அவ்வளவுதான். சன்ஸ்கிரீன் போடுங்கள். எஸ்பிஎஃப் 30 உள்ளது, போதுமான அளவு பூசினால், புற ஊதா பி கதிரில் ஏறத்தாழ 97 சதவீதத்தைத் தடுக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்கு எடுக்க வேண்டும், வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. இது ஆயுர்வேதத்துக்கு விரோதமில்லையா என்று கேட்பவர்களுக்கு: வாக்பட்டர் தினசரி ஒழுக்கத்தைச் சொல்லும் அத்தியாயத்தில், குடை பிடித்து, காலணி அணிந்து, நுகத்தடி நீளத்துக்கு முன்னால் பார்த்து நட என்கிறார். அவரே பூசுவதை மட்டும் நம்பி இருக்கவில்லை.

முதல் வாரத்தை இப்படி வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு பொடி அரைத்து, முழங்கையில் சோதனை. திங்கள், புதன், வெள்ளி குளியல் பொடி. செவ்வாய் சாயங்காலம், வெயில் தாழ்ந்த பின், முதல் லேபம், சனிக்கிழமை இரண்டாவது. இரவில் நூல்படி லேபம் கிடையாது, ஆகவே விளக்கு வைப்பதற்குள் முடித்துவிடுங்கள். வியாழன் எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீர். கிண்ணத்தில் லேபம் மிஞ்சினால் மறுநாளுக்கு எடுத்து வைக்காதீர்கள். பின்கழுத்தில் தடவிவிட்டு, அதையும் காய்வதற்குள் கழுவிவிடுங்கள்.